ஓடாத ஆற்றின் கரை

ஃபெர்கஸ் மக்லீஷ் தன் வரைபடத்தை என் டிராக்டரின் முன்மூடி மேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலைகளிலும் நான்கு ஸ்பேனர்களை வைத்தான். எண்பது ஹெக்டேர். ஒரே செவ்வகம். உள்ளே அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேர்நேரான வரப்புகள். அந்தச் செவ்வகத்தின் குறுக்கே, வலமிருந்து இடமாக வளைந்து போகும் பழுப்பு நிற வடிவம் ஒன்று பென்சிலால் அடித்து நீக்கப்பட்டிருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். "மேட்டை வெட்டு, பள்ளத்துல போடு. ரெண்டும் ஒரே வாரத்துல காணாமப் போயிடும்."

நான் பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லாய்ட், நீ பேசாம நின்னா எனக்குப் பயமா இருக்குடா. பல் டாக்டர் வாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டு 'ம்'னு சொல்ற மாதிரி இருக்கு."

"அது மேடு இல்ல, ஃபெர்கஸ். ஆத்தோட கரை."

"எந்த ஆறு? அறுபத்தோரு வருஷமா இங்கதான் கெடக்கேன். ஒரு சொட்டு ஓடிப் பாத்ததில்ல."

"நீ கொஞ்சம் லேட்டா வந்துட்ட."

அவன் சிரித்தான். ஆனால் ஸ்பேனர்களை எடுக்கவில்லை.

எங்கள் ஆஸ்திரேலியச் சமவெளியான ரிவரினாவில் சைக்கிள் மிதிக்கும்போது தொடை சற்று கனத்தாலே அதற்குக் குன்று என்று பெயர். ஃபெர்கஸின் மேடு மூன்றரை மீட்டர் உயரம், அறுநூறு மீட்டர் நீளம், வில்லைப் போல வளைந்தது. மேலே நாற்பது பைன் மரங்கள். மேற்குப் பக்கம் அதை ஒட்டியே அதே வளைவில் அறுபது மீட்டர் அகலத்துக்கு ஓர் ஆழமற்ற பள்ளம். பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், குறைந்தது, அதில் ஓர் ஆறு ஓடியது. வறண்ட கோடைகளில் அதன் படுகையிலிருந்து காற்று மணலை வாரிக் கிழக்குக் கரையில் குவித்தது. பிறகு ஆறு வேறு பக்கம் போய்விட்டது. கரை மட்டும் நின்றது.

இருபத்திரண்டு வருடங்களாக, வயலை மட்டப்படுத்தும் லேசர் லெவலர் ஓட்டுகிறேன். வயலின் மூலையில் முக்காலி மேல் ஒரு விளக்கு சுழலும். அதன் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பின்பற்றி என் வண்டியின் வாளி தானாக ஏறி இறங்கும். ஓட்டுபவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் யோசிக்கலாம். இந்தப் பகுதியில் இரண்டு தார்ச்சாலைகளுக்கு இடையே இப்படிப்பட்ட பன்னிரண்டு கரைகள் இருந்தன. பதினொன்றை நான்தான் வெட்டினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வெட்டி முடித்தபின் ஒவ்வொரு வயலும் மேசை போல இருக்கும், உரிமையாளர் என் முதுகில் தட்டுவார். ஆறாவதை வெட்டும்போதே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஆனாலும் இன்னும் ஐந்து வெட்டினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இல்லை, ஆனால் கணக்கு அதுதான். பன்னிரண்டாவது இது.

"இதை நான் வெட்டல," என்றேன்.

"என்னது?"

"வரப்பை வளைச்சுப் போடலாம். மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே விட்டுட்டு, ரெண்டு பக்கமும் வளைவுக்கு ஏத்த மாதிரி பாத்தி பிரிக்கலாம். உனக்கு எட்டு ஹெக்டேர் போகும். அள்ள வேண்டிய மண்ணு பாதியாக் குறையும்."

"வளைஞ்ச வரப்பா?" ஃபெர்கஸ் உண்மையிலேயே அதிர்ச்சியடைந்தான். "பக்கத்துல ரெனாட்டோ எழுபது ஹெக்டேர் ஒரே நேரா வெச்சிருக்கான். ரோட்டுல போறவன் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடியில நிக்கிற நாயைப் பாக்கலாம். நான் வளைச்சு வெச்சா கிளப்புல என்ன கேப்பானுங்க தெரியுமா? 'ஏம்ப்பா மக்லீஷ், லெவலரை ஆடு ஓட்டுச்சா?'ன்னு கேப்பானுங்க. ரெனாட்டோவை அப்படிக் கேட்டதே நான்தான்டா. அவன் பழைய வயலுக்கு."

அது உண்மை. எங்கள் ஊரில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் வரப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

உரிமையாளர் சம்மதிக்காமல் மேட்டைக் காக்கச் சட்டத்தில் வழி இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். போன மாதம் இந்த மண்ணின் பழங்குடிகளுடைய நிலப் பேரவையிலிருந்து லொரெய்ன் வந்து இரண்டு நாள் நடந்து பார்த்தாள். மேட்டின் அடிவாரத்தில், முன்னோர் கல்லாயுதம் செதுக்கியபோது தெறித்த சில கல் சில்லுகளைக் கண்டெடுத்தாள். சட்டப்படி அந்த இடத்தைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு வேலி போட்டாயிற்று. போகும்போது அவள் என்னிடம், "உக்காந்து கல்லு தட்டுன இடத்துக்குச் சட்டம் இருக்கு. உக்காந்து பாத்துட்டிருந்த ஆத்துக்கு இல்ல," என்றாள்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லு," என்றான் ஃபெர்கஸ், வரைபடத்தைச் சுருட்டியபடி. "நீ இல்லன்னா வடக்கால இருந்து ஆள் வருவான். ஆறு நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவான். அவன் பேசுவான் வேற."

"எனக்கு ஒரு நாள் குடு. பள்ளத்துல ஒரு குழி தோண்டிக் காட்டுறேன்."

"ஒரு குழிதானே? தோண்டு. எனக்குன்னு தோண்டிடாத."

*

வியாழக்கிழமை காலை மண் தோண்டும் பேக்ஹோவைக் கொண்டுவந்து பள்ளத்தின் நடுவில் இறக்கினேன். ஃபெர்கஸ் தன் தண்ணீர் லாரியோடு வந்து, கால் மேல் கால் போட்டு அதன் படியில் உட்கார்ந்துகொண்டான்.

மேலே அரை மீட்டர் சாம்பல் நிறக் களிமண். அதற்குக் கீழே மணல். முதலில் மஞ்சள், பிறகு வெள்ளை. இரண்டு மீட்டரில் வாளியை நிறுத்திவிட்டு நான் இறங்கிப் பார்த்தேன். வெட்டிய சுவரில் மணல் படலம் படலமாகச் சாய்ந்து படுத்திருந்தது. தண்ணீர் கடைசியாக எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் பார்த்த சாய்வு. ஒரு படலத்தின் விளிம்பில் சின்னச் சின்ன அலை வளைவுகள்கூட இருந்தன. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று மேலிருந்து ஃபெர்கஸ் கத்தினான்.

நான் ஏறி வந்து குழாயைக் குழிக்குள் போடச் சொன்னேன். இரண்டாயிரம் லிட்டர் இறங்கியது. குழி நிறையவே இல்லை. சல்லடையில் ஊற்றியது போல, விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே மறைந்தது. லாரி காலியாகி, நாங்கள் பிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு கோப்பை டீ குடித்து முடிப்பதற்குள் குழியின் தரை ஈரமாக மட்டும் இருந்தது.

"பாத்துக்கோ," என்றேன். அன்று நான் வழக்கத்தைவிட அதிகம் பேசினேன், அதுதான் தப்பு. "மேல இருக்கிற அரை மீட்டர் களிமண்ணுதான் மூடி. லெவல் பண்ணும்போது நான் அந்த மூடியைச் சுரண்டிடுவேன். மேட்டு மணலைக் கொண்டுவந்து போட்டாலும் மணல் மேல மணல். உன் நெல்லுக்கு விடற தண்ணியெல்லாம் இந்த வழியா இறங்கிப் போயிடும். நீ வாய்க்காலைத் திறந்து வெச்சிட்டே நிக்க வேண்டியதுதான்."

ஃபெர்கஸ் கோப்பையைக் கீழே வைத்தான். குந்தி உட்கார்ந்து, குவியலில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்தான். உள்ளங்கையில் தேய்த்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பினான்.

"நெல்லு போட முடியாது," என்றான் மெதுவாக. "நீ சொல்றது சரி."

"ஆமா."

"லாய்ட், இது கழுவின மணல்டா. கான்கிரீட்டுக்கு அப்படியே போடலாம். சலிக்கக்கூட வேணாம்."

அவன் கையை மூடியபோது நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை டேரன் பிக்ஸ்லி வந்தான். மணல் வியாபாரி. பளபளக்கும் வெள்ளை பிக்-அப் வண்டியில், கையில் துளைக்கருவியோடு. என் குழியைப் பார்த்து விசிலடித்தான். பள்ளத்தில் ஆறு மீட்டர் ஆழம் வரை தோண்டிக்கொள்வதாகவும், அந்த மேட்டையும் சேர்த்துத் தந்தால் நல்ல விலை தருவதாகவும் சொன்னான். செவ்வாய்க்கிழமை முதல் மூன்று நாள் ஒரு சோதனைக் குழி, கீழே தண்ணீர் ஊறினால் பம்பு வைத்து இறைத்துவிட்டுத் தோண்டலாம், நகராட்சி அனுமதித் தாள்கூடக் கையில் இருக்கிறது என்றான்.

லெவலர் மேட்டை மட்டும்தான் எடுத்திருக்கும். படுகை மண்ணுக்கடியில் எப்படியும் இருந்திருக்கும். இப்போது இரண்டுமே போகப்போகின்றன. அதற்குக் காரணம் நான் தோண்டிய குழி.

*

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் மேட்டின் மேல் ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். காலா கிளிகள் வந்து கத்திவிட்டுப் போயின. மேட்டின் வளைவைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனேன். வடக்கில் ரெனாட்டோவின் வேலியில் தொடங்கி, என் காலடியைக் கடந்து, தெற்கே மெல்லத் திரும்பி, பைன் மரங்கள் நின்றுபோகும் இடத்தில் தரையோடு கரைகிறது. கரைந்தபின் எங்கே போகிறது என்று இதற்கு முன் நான் கேட்டுக்கொண்டதில்லை. என் வேலை வரைபடத்தின் ஓரத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் திசையில், நானூறு மீட்டரில், ஃபெர்கஸின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவன் மனைவி டெல்லாவின் தோட்டம். தோட்டத்தின் மூலையில் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் கொட்டகை.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, வண்டியில் கிடந்த வான்வழிப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன்.

டெல்லா கதவைத் திறந்தாள். கையில் மாவு. "உன்னை உள்ள விடலாமா வேணாமா? அவன் உன் மேல கோவமா இருக்கானா, சந்தோஷமா இருக்கானான்னு எனக்கே தெரியல."

"ரெண்டும்," என்று உள்ளிருந்து ஃபெர்கஸ் குரல் கொடுத்தான். "வரச் சொல்லு. என்னைப் பணக்காரனாக்கின ஆளு."

ஆட்டிறைச்சியும் பீட்ரூட்டும் வைத்து அடுக்கிய ரொட்டி, பிறகு சூடான ஸ்கோன் பன், டீ. எங்கள் பகுதியில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டெல்லாவின் போர் மட்டும் தித்திக்கும். நெட்பால் போட்டியா, சர்ச்சில் விசேஷமா, டீக்குத் தண்ணீர் அவள் கேன்களில்தான் போகும். ஃபெர்கஸின் அப்பாவுக்குத் தண்ணீர் வாசனை தெரியும் மூக்கு இருந்தது, அதனால்தான் சரியான இடத்தில் துளையிட்டார் என்று ஃபெர்கஸ் எல்லோரிடமும் சொல்வான்.

நான் புகைப்படத்தை மேசையில் வைத்தேன். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் நிலம் பொய் சொல்வதில்லை. உழுத வயல்களுக்கு அடியிலும் பழைய ஆறு வெளிறிய பட்டையாகத் தெரிந்தது. விரலால் தொடர்ந்தேன். ரெனாட்டோவின் வேலி. மேடு. பள்ளம். தோட்டம். மோட்டார் கொட்டகை.

"உங்கப்பா மூக்கு இல்ல, ஃபெர்கஸ். உங்கப்பா ஆத்துக்குள்ள துளை போட்டிருக்கார்."

டெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"மேட்டு மேல பெய்யற மழை களிமண் இல்லாததால நேரா உள்ள இறங்குது," என்றேன். "படுகை மணல் வழியா இங்க வருது. சுத்திலும் உப்பு, நடுவுல இந்தப் பட்டை மட்டும் நல்ல தண்ணி. மேடு போச்சுன்னா இறங்கறது நிக்கும். படுகையைத் தோண்டினா இருக்கறதும் வெயில்ல திறந்து கெடக்கும்."

"சும்மா கத கட்டாத," என்றான் ஃபெர்கஸ். "முதல்ல நெல்லுன்ன. அப்புறம் மணலுன்ன. இப்போ என் டீத்தண்ணிக்கு வந்துட்ட. அடுத்து என்ன, என் மூட்டுவலியும் ஆத்தாலதானா?"

"டேரனை நிறுத்தாத. செவ்வாய்க்கிழமை வந்து பம்பு போடட்டும். மூணு நாள் இறைக்கட்டும். தினமும் காலையில உன் போர்ல நூல் விட்டுப் பாரு. மூணாவது நாள் வரைக்கும் தண்ணி அதே மட்டத்துல நின்னுச்சுன்னா நான் சொன்னது பொய். நானே வந்து மேட்டை வெட்டித் தரேன். டீசல் என்னோடது."

ஃபெர்கஸ் என்னை உற்றுப் பார்த்தான். அவன் என்னைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அறிந்தவன். நான் பந்தயம் கட்டி அவன் பார்த்ததில்லை.

"இறங்கிடுச்சுன்னா?"

"மேட்டைத் தொடக்கூடாது. நீயும், உனக்கப்புறம் வர்றவனும்."

டெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். "என் கெட்டிலை வெச்சு ரெண்டு கெழடும் பந்தயம் கட்டுதுங்க. என்னைக் கேட்டீங்களா?"

"கேக்குறோம்," என்றேன்.

"நூலை நான்தான் பிடிப்பேன். இவனுக்குக் காது கேக்காது, கல்லு தண்ணியில விழுந்தாலும் இல்லன்னு சாதிப்பான்."

*

மீன் தூண்டிலின் ஈயக்குண்டு, முப்பது மீட்டர் நூல், ஒவ்வொரு விரற்கடைக்கும் டெல்லாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. செவ்வாய்க்கிழமை விடிந்ததும், பம்பு ஓடத் தொடங்குமுன், முதல் அளவை எடுத்தோம். டெல்லா கண்ணை மூடிக்கொண்டு நூலை இறக்கினாள். 'ளுக்' என்று கேட்டது. குழாயின் விளிம்பில் நூலை விரலால் அழுத்திப் பிடித்து, அங்கே ஒரு முடிச்சு போட்டாள்.

டேரனின் பம்பு அன்று முழுவதும் இரைந்தது. இறைத்த தண்ணீரைக் குழாய் வழியாகக் கால்நடைத் தொட்டிக்கு விட்டான். தெளிந்த தண்ணீர். அவன் ஆட்கள் அதையே குடித்தார்கள்.

புதன்கிழமை முடிச்சு விளிம்பில் சரியாக உட்கார்ந்தது. ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"டீசலை நிரப்பி வெச்சிக்கோ," என்றான் ஃபெர்கஸ். அவன் அதைக் குத்தலாகச் சொல்ல முயன்றான். குரலில் குத்தல் முழுதாக வரவில்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். பழைய ஆறுகள் ஒரே குழாய் போல ஓடுவதில்லை. நடுவில் எங்காவது ஒரு களிமண் தடுப்பு விழுந்திருந்தால் மேட்டுத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் தொடர்பே இருக்காது. அன்று மதியம் பேக்ஹோவுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். பிறகு குழிச்சுவரில் நான் பார்த்த சாய்வை நினைத்துக்கொண்டேன். எல்லாப் படலங்களும் அந்த வீட்டைப் பார்த்துத்தான் சாய்ந்திருந்தன. பதினொரு கரைகளை வெட்டியவனுக்கு மணலைப் படிக்க வரும். கிரீஸ் போட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை முடிச்சு விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. டெல்லா புள்ளிகளை எண்ணினாள். நாலு விரல்.

"நேத்து ராத்திரி நீ தொட்டியில முழுக்குப் போட்டிருப்ப," என்றான் ஃபெர்கஸ்.

"வருஷம் முப்பத்தாறு ஆச்சு கல்யாணமாகி. நான் குளிச்சு நாலு விரல் இறங்கினதா உனக்கு எப்பவாவது தெரிஞ்சிருக்கா?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா இரு."

மூவரும் மோட்டார் கொட்டகையின் நிழலில் நின்றுகொண்டு, தூரத்தில் இரைந்த பம்பைக் கேட்டோம். அன்று மதியம், மணல் அவ்வளவு நன்றாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், டேரன் இரண்டாவது பம்பையும் இறக்கினான்.

வெள்ளிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது சமையலறைக் குழாய் இருமிக்கொண்டிருந்தது. இரண்டு முறை காற்றைத் துப்பியது, ஒரு மடக்குத் தண்ணீர் விட்டது, பிறகு அதுவும் இல்லை. பின்னால் கொட்டகையில் மோட்டார் காற்றை இழுத்து ஊளையிட்டது. ஃபெர்கஸ் ஓடிப்போய் அதை அணைத்தான். டெல்லா நூலை இறக்கினாள். எண்ணவில்லை. கையில் சுற்றிக்கொண்டே போனாள், ஒரு முழத்துக்கும் மேல்.

பிறகு அடுப்பின் மேலிருந்த காலிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, குழியை நோக்கி நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

டேரன் குழியின் விளிம்பில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஐந்து மீட்டர் ஆழத்தில் வெள்ளை மணல், பால் போல.

"இதை நிரப்பிக் குடு," என்று டெல்லா கெட்டிலை நீட்டினாள்.

"என்னது?"

"என் குழாய்ல தண்ணி வரல. என் தண்ணி உன் பம்புல வருது. நிரப்பு."

டேரன் ஃபெர்கஸைப் பார்த்தான். "நண்பா, இது தற்காலிகம்தான். பம்பை நிறுத்தினா நாலு நாள்ல பழையபடி ஏறிடும்."

"ஏறும்," என்றேன். "இப்போ. மேடு இருக்கு, படுகை இருக்கு. மழை பெஞ்சா இறங்க வழி இருக்கு. அதை நீ லாரியில ஏத்தினப்புறம் எதுல ஏறும்?"

டேரன் போனைப் பையில் போட்டான். மோசமான ஆள் இல்லை அவன். கெட்டிலை வாங்கிக்கொண்டு போய்க் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தான்.

ஃபெர்கஸ் குழியின் விளிம்பில் நின்றான். அவன் அங்கே நின்றதுதான் என் நினைவில் அதிகம் இருக்கிறது. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதன். இரண்டு பம்புகள் இரைந்தன, அவன் கீழே வெட்டிய சுவரில் படலம் படலமாகச் சாய்ந்திருந்த மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் சாய்வைத் தொடர்ந்தது. மெல்லத் தலையைத் திருப்பி, அது போகும் திசையில் தன் வீட்டைப் பார்த்தான். பிறகு எதிர்த் திசையில், பைன் மரங்களை.

"நிறுத்து," என்றான்.

"நாளைக்கு வரைக்கும் பம்புக்கு வாடகை குடுத்திருக்கேன், நண்பா."

"நிறுத்துப்பா. குழியை எடுத்த மண்ணாலயே மூடிடு. மணல் கீழ, களிமண்ணு மேல. மாத்திப் போட்டுடாத. இவன் கூட நின்னு பாப்பான்."

டேரன் தோளைக் குலுக்கினான். பம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காது திடீரென்று காலியானது போல இருந்தது. தன் சாமான்களை ஏற்றி முடித்து வண்டியில் ஏறும்போது அவன், "ஆறு உன் வேலியோட நிக்கல, மக்லீஷ். அந்தப் பக்கமும் இதே சரக்குதான். ரெனாட்டோவைக் கேட்டுப் பாக்குறேன்," என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. வியாபாரியாகச் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஃபெர்கஸ் கேட்டான்: "அவன் பக்கம் தோண்டினாலும் இறங்குமா?"

"இறங்கும். அங்கதான் ஆத்தோட மேல்முனை."

"அப்போ என் மேட்டை மட்டும் காப்பாத்தி என்ன புண்ணியம்?"

"பாதிப் புண்ணியம்."

*

திங்கட்கிழமை முளைக்குச்சிகளோடு போனேன். டேரன் சொன்ன கணக்குப்படியே முடிச்சு விளிம்பை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. நில ஆவணத்திலேயே சேர்ந்துவிடும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு. நிலத்தை விற்றாலும் வாங்குபவனையும் அது கட்டும். அதற்கு எல்லை குறிக்க வேண்டும். அந்த எல்லையே என் புதிய வரப்பின் கோடும் ஆகும். மேடு, பள்ளம், இரண்டுக்கும் வெளியே இருபது மீட்டர்.

"முப்பது வை," என்றான் ஃபெர்கஸ். குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே முன்னால் நடந்தான். வளைவில் ஒவ்வொரு குச்சியையும் அறைந்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்ப்பான். கோடு நேராக இல்லாதது அவன் கண்ணை உறுத்துவது எனக்குத் தெரிந்தது. "ஆடு ஓட்டின மாதிரியேதான் இருக்கு," என்றான் ஒரு முறை. அடுத்த குச்சியை எடுத்தான்.

பகல் பதினோரு மணிக்கு ரெனாட்டோவின் வேலிக்கு வந்து சேர்ந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மேடு இல்லை. அதை ஏழு வருடங்களுக்கு முன் நான்தான் வெட்டினேன். தட்டையான, நேரான, அழகான வயல். ரெனாட்டோ தூரத்தில் பார்லி விதைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்தான். குட்டையான மனிதன், பெரிய தொப்பி. ஃபெர்கஸின் பக்கத்தில் வளைந்து போகும் குச்சி வரிசையைக் கடைசி வரை பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"சொல்லு, மக்லீஷ். ஆடு எங்க? சம்பளம் வாங்கிட்டுப் போயிடுச்சா?"

"சிரி. நல்லா சிரி. ஏழு வருஷமா நீ காத்திருந்தது."

"எட்டு."

"சரி, எட்டு. சிரிச்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. இரு." ரெனாட்டோ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முடிஞ்சுது. என்ன விஷயம்?"

நான் பேச வாய் திறந்தேன். ஃபெர்கஸ் கையை நீட்டி என்னைத் தடுத்தான். வேலிக்கம்பிகளுக்கு இடையே குனிந்து அந்தப் பக்கம் போனான், கம்பியில் சட்டை மாட்டிக் கிழிந்தது, கவனிக்கவில்லை. கிழிந்த சட்டையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான். கெட்டிலைச் சொன்னான், மோட்டார் ஊளையிட்டதைச் சொன்னான், அப்பாவின் மூக்கு போனதைக்கூட விடவில்லை. நான் பேசியிருந்தால் மழை, மணல், உப்பு என்று மூன்று வாக்கியத்தில் முடித்திருப்பேன், அந்த மூன்றும் சரியாக இருந்திருக்கும், ரெனாட்டோ தலையாட்டிவிட்டு விதைக்கப் போயிருப்பான்.

ரெனாட்டோ தன் வயலைத் திரும்பிப் பார்த்தான்.

"மணல்காரன் நேத்து போன் பண்ணான்," என்றான். "யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசிச்சியா?"

"நீ வந்து கெடுத்துட்ட."

அவன் குனிந்து மண்ணைக் கிளறினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ இங்க வெட்டினப்புறம் ஒவ்வொரு செப்டம்பரும் என் பார்லி ஒரு பட்டையா மஞ்சளாப் போகுது. உரம் போட்டுப் பாத்தேன். விதையை மாத்திப் பாத்தேன். எதனாலன்னு எவனும் சொல்லல."

"களிமண் மூடியைச் சுரண்டினது நான்தான். நான் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"சொல்லியிருக்கணும்." ரெனாட்டோ கையிலிருந்த மண்ணை உதறினான். ஃபெர்கஸின் தோளிலிருந்த கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினான்.

நான் வேலிக்கு மேலாகப் புகைப்படத்தை நீட்டி, வெளிறிய பட்டையின் ஓரத்தைக் காட்டினேன். அங்கிருந்து பதினைந்து தப்படியில் இருந்தது. ரெனாட்டோ படத்தைப் பார்க்கவே இல்லை. தப்படி போட்டு நடந்தான். பதினைந்தைத் தாண்டினான், இருபத்தைந்தைத் தாண்டினான். முப்பத்திரண்டில் நின்று, குதிகாலால் தரையை ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, அங்கே குச்சியை ஊன்றினான்.

"மஞ்சள் இதுவரைக்கும் வரும்," என்று கத்தினான். "சுத்தியல் கொண்டா."